பூசிய எண்ணெய்

பழைய இரும்புக்காரர் தராசை ஒரு தரம் திருப்பிப் பார்க்காமல் யாரிடமும் எதையும் வாங்கினவர் இல்லை. நொறுங்கிப்போன வண்டிகளை வாங்கி, பிரித்து, தேறுகிற பாகங்களை விற்பதுதான் அவர் பிழைப்பு. எதிரில் நிற்கிறவன் தன்னை ஏமாற்றத்தான் வந்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பிப்பார். பாதிக்கு மேல் அது சரியாகவும் இருக்கும்.

ஆகவே, உங்கள் மகன் இறந்துவிட்டார் என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மகனின் நெஞ்சைப் பார்த்தார். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பைக் சறுக்கித் தலையில் அடிபட்ட ஒரே மகன். மூளை செத்துப்போயிற்று, மூச்சு விடுவது மிஷின்தான், மிஷினைக் கழற்றித் தானாக மூச்சு வருகிறதா என்று பகலில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் சோதித்தாயிற்று என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். கிழவர் மகனின் பாதத்தைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. செத்தவன் கால் சுடுமா? மறுநாள் காலை முதல் வேலையாகப் பங்குச்சாமியாரைக் கையோடு இழுத்துவந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் எண்ணெயை மகனுக்குப் பூசவைத்தார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் மின்னியதைப் பார்த்த பிறகுதான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

மருமகள் வந்து பக்கத்தில் நின்றாள். உடுப்பில் காய்ந்த ரத்தம் அப்படியே இருந்தது; மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"மாமா, ஈரல், கிட்னி, இதயமெல்லாம் குடுக்க முடியுமான்னு கேக்குறாங்க. அவரு இருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாரு. ஆனா உங்களக் கேக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வண்டியப் பிரிக்கிறதே என் தொழில். ஓடுற வண்டிய நான் பிரிச்சதில்ல. எம் பிள்ளையப் பிரிக்கச் சொல்றியா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னது அதிகம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தோடேயே டாக்டரம்மாவிடம் போய், இதில் உனக்கு எத்தனை பங்கு என்று கேட்டுவிட்டு வந்தார்.

சாமியார் இன்னும் போகவில்லை. அவர் திருச்சபை சொல்வதைச் சொன்னார்: செத்தது உறுதியானால் கொடுக்கலாம், அது பெரிய அன்பு, ஒருவரைப் பிழைக்கவைக்க இன்னொருவரைக் கொல்ல மட்டும் யாருக்கும் உரிமை இல்லை.

கிழவர் இதற்காகத்தான் காத்திருந்தார்.

"சாமி, செத்தவனுக்கு அந்த எண்ணெய் பூசலாமா?"

"கூடாது."

"காலைல பூசுனீங்களே. அவன் உசுரோட இருந்தானா, இல்ல எனக்கு விளையாட்டுக் காட்டுனீங்களா?"

கள்ளத் தராசைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் பிடிபட்டவன் மழுப்புகிற மாதிரி சாமியார் மழுப்பவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சந்தேகமா இருந்தா, 'உயிரோட இருந்தா'ன்னு ஒரு வார்த்தை சேத்துப் பூசலாம். நான் அதையும் சேக்கல. டாக்டர ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. நீங்க இழுத்துட்டு வந்த வேகத்தப் பாத்து, முடியாதுன்னு சொல்ல மனசு வரல. தப்பு என்னோடதுதான் ஐயா. அப்புறமாத்தான் டாக்டரக் கேட்டேன். நேத்தே போயிட்டாரு."

தன் தப்பைத் தானே எடுத்து வைக்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது என்று கிழவருக்குத் தெரியவில்லை. கடையில் அப்படி யாரும் வந்ததில்லை.

சாமியாரே டாக்டரம்மாவிடம் போய், அந்த மூச்சுச் சோதனையை அப்பாவின் கண்முன்னால் இன்னொரு தரம் செய்ய முடியுமா என்று கேட்டார். தேவையில்லைதான் என்று அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, வாங்க என்றாள்.

மிஷினின் குழாயைக் கழற்றினார்கள். உடம்பு கெடாமலிருக்க மெல்லிய குழாய் ஒன்றில் பிராணவாயு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மூளையில் துளி உயிர் இருந்தாலும் உடம்பு தானாக மூச்சுக்குத் தவிக்கும், நெஞ்சைப் பாருங்கள் என்றாள். மருமகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நெஞ்சு நின்றுபோயிற்று. அறையே அமைதியாயிற்று.

"இழுடா," என்றார் கிழவர் மெதுவாக. "டேய், ஒரு தடவ இழுடா."

எதுவும் அசையவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். திடீரென்று அவர் நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலித்து, வாய் தானாகத் திறந்து, காற்று உள்ளே பாய்ந்தது. தானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடக்கியும் அடங்கவில்லை, அவர் உடம்பு காற்றைக் கேட்டது. மகனின் உடம்பு எதையுமே கேட்கவில்லை.

போதும் என்று கையைக் காட்டினார். குழாயை மறுபடி மாட்டினார்கள். நெஞ்சு எழும்பியது. இந்தத் தரம் அவர் அதைப் பார்க்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடும்மா," என்றார் மருமகளிடம். "நான் சொன்னத மனசுல வச்சுக்காத."

அவள் அவர் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அவருக்கு அழத் தோன்றவில்லை. அழுகையை எங்கேயோ வைத்து மறந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் அறைக் கதவுவரை கூட நடந்தார். அங்கே பையில் போன் அடித்தது. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் அண்ணன்.

"எப்படிடா இருக்கான்?"

"போயிட்டாண்ணே."

 "எப்படா?" என்றது அண்ணனின் குரல்.

கதவு இன்னும் சாத்தவில்லை. உள்ளே போகும் கட்டிலில் போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம்."

"நேத்தா? ஏன்டா இவ்வளவு நேரம் சொல்லல?"

"எனக்கு இப்பத்தாண்ணே தெரிஞ்சுது," என்றார்.