வளையக் கால்வாயின் இரண்டு அலைகள்

ஊரைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் கால்வாயில் ஓர் அலை பத்து வருடங்களுக்கு மேலாக அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. சரக்குப் படகோட்டியின் மகள் படகின் முனையிலிருந்து தவறி விழுந்த அன்று, அவன் பதறிப்போய்ப் படகைச் சட்டென்று நிறுத்தினான். படகு நின்றது, அது தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் நிற்கவில்லை. பிள்ளையின் இடுப்பளவு ஒரே மேடாகத் திரண்டு, அவளையும் உருட்டிக்கொண்டு முன்னே போய்விட்டது. மறுநாள் பிள்ளை கரையொதுங்கினாள். அலை ஒதுங்கவில்லை. அவளோடு படித்தவர்கள் மீசை முளைத்து, சடை வளர்த்து, வேலைக்கும் போய்விட்டார்கள். அலை ஒரு விரற்கடை வளரவுமில்லை, தேயவுமில்லை. துணி துவைக்கிறவர்கள் அது வரும் நேரத்துக்குச் சோப்பை மேல்படியில் எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார்கள். படகோட்டிதான் பழகவில்லை. மெதுவாக நிறுத்தியிருந்தால் அலையே எழுந்திருக்காது என்பது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அவன் மனைவி கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். அழுது ஓய்ந்தபின் அந்த அலைக்கு ஒரு சமன்பாடு எழுதினாள். எந்த இடத்தில் நின்று, எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்தச் சமன்பாடு மாறாமல் இருந்தது; இப்படி மாறாமல் இருப்பதைத்தான் சமச்சீர் என்பார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு சமச்சீருக்கும் அலையில் ஏதோ ஓர் அளவு குறையாமல் நிற்கும் என்பது அவள் வகுப்பில் நடத்தும் பாடம். இதில் அந்த அளவுகள் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. அத்தனையும் காவல் நிற்கும்போது அலை எப்படிக் கலையும்?

"பெருசா ஒண்ணு கெளப்பி விட்டா, அது மோதி இதை ஒடைச்சிடும்ல?" என்றான் அவன்.

"ஒடையாதுங்க. உள்ள பூந்து வெளிய வந்துடும். ரெண்டும் அப்படியேதான் இருக்கும்."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லிவிட்டு அவன் படகுக்குப் போனான்.

அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, முழு வேகத்தில் ஓட்டி, அன்று நிறுத்தியதுபோலவே நிறுத்தினான். ஆளுயர அலை எழுந்தது. பெரிய அலைக்கு வேகம் அதிகம். ஆலைச் சுவரருகே சின்னதைப் பிடித்துவிட்டது. இரண்டும் ஒன்றாகி, பெரியதைவிடக் குட்டையான ஒரே மேடாக நகர்ந்தன. தீர்ந்தது என்று அவன் கரையில் உட்கார்ந்தான். அப்புறம் பெரியது ஓர் எட்டு முன்னே தாவிப் போனது. சின்னது, சிறு கீறலும் இல்லாமல், கொஞ்சம் பின்தங்கி வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இப்போது இரண்டு அலைகள். அவன் வாய்விட்டு அழுதான்.

பெரியது சுற்றி வந்து சின்னதை மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. அப்பன் மகளை எட்டிப் பிடிப்பதுபோல அவனுக்குத் தோன்றியது; உடைக்கும் நினைப்பு போய்விட்டது. சேரும் இடம் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. எங்கே என்பதை மனைவி கணக்குப் போட்டுச் சொல்வாள்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்துப் பின்னாடி."

"எவ்ளோ நேரம் ஒண்ணா இருக்கும்?"

"ஒரு மூச்சு விடற நேரம்."

"போதும். கெளம்பு."

ஊரில் இப்போது யாரும் அதை வேடிக்கை பார்ப்பதில்லை. இவர்கள் இருவர் மட்டும் கரையில் நிற்பார்கள். அலைகள் சேரும்போது மூச்சை இழுத்து, முடிந்த மட்டும் விடாமல் வைத்துக்கொள்வார்கள்.