போண்டா என்று பேர் வைத்த பாறை

துபாய் ஆபீஸில் என் வேலை தாமதம் செய்வது. சிரிக்காதீர்கள், சம்பளமே அதற்குத்தான். எங்கள் கம்பெனி வேறு கிரகத்துக்கு அனுப்பப்போகும் ரோவர் வண்டி ஒன்றை அல் ஐன் தாண்டி ஒரு பாலைவனத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தது. ஆறு சக்கரம், நீளமாக ஒரு கழுத்து, கழுத்தின் மேல் கேமரா. வண்டி அங்கே வெயிலில் நிற்கும். கல்லை ஆராயும் ஜியாலஜிஸ்டுகள் இங்கே ஏசியில் உட்கார்ந்திருப்பார்கள். செவ்வாயிலிருந்து படம் வந்து சேர நேரம் பிடிக்கும் அல்லவா, அந்த நேரத்தை இங்கேயும் பொய்யாக உண்டாக்கவேண்டும். வண்டி அனுப்பும் படத்தைப் பதினான்கு நிமிடம் பிடித்து வைத்துத் திரையில் விடுவேன். இவர்கள் கொடுக்கும் கட்டளையையும் பதினான்கு நிமிடம் கழித்துத்தான் வண்டிக்கு அனுப்புவேன்.

இன்னொரு விதியும் உண்டு. படத்தில் மனுஷ வாடையே இருக்கக்கூடாது. ஆனால் மனுஷன் இல்லாமல் எந்த வண்டி ஓடியிருக்கிறது? பேட்டரி மாற்ற, தூசு தட்ட, பழைய சக்கரத் தடங்களை அழிக்க ஆட்கள் வேண்டும். கார்மேகம் அண்ணனும் ஐயப்பனும் ஆளுக்கொரு பேரீச்ச மட்டையோடு வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டே போவார்கள். அண்ணனுக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம், வயது நாற்பத்தெட்டு. "செவ்வாய்க்குப் போனா அங்க யாரு தம்பி கூட்டுவா?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார்.

நானும் ஒரு வருஷம் அந்த சைட்டில் கிடந்து காய்ந்தவன்தான், மார்ச்சில்தான் இந்த ஏசி அறைக்கு வந்தேன். குளச்சல்காரனுக்குக் கடலைத் தவிர எல்லாம் வெறுப்பு என்று அங்கே என்னைக் கிண்டல் செய்வார்கள். ஒளியும் வித்தையைக் கண்டுபிடித்தவன் நான். மண் நிறச் சாக்குகளை ஒன்றாகத் தைத்து, தண்ணீரில் நனைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும். கேமரா திடீரென்று நம் பக்கம் திரும்பினால் அப்படியே குப்புற விழுந்து அதை இழுத்து மூடிக்கொள்ளவேண்டும். கேமரா வேறு பக்கம் திரும்பும்வரை அசையக்கூடாது. இதை அண்ணனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒருவனுடைய தொப்பி படத்தில் விழுந்துவிட்டது. அன்றைய சோதனை மொத்தமும் ரத்து. அடுத்த வியாழக்கிழமை அவன் ஊருக்குப் போகும் விமானத்தில் இருந்தான். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்கு இன்னும் எட்டு மாதம் கான்ட்ராக்ட் இருந்தது, மகள் ராதிகாவின் படிப்பும் அதோடு முடியும். எதுவும் கெட்டுப்போகாமல் அந்த எட்டு மாதத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் பேச்சு.

மே மாதக் கடைசி. கோடை வெயிலுக்காக மதிய வேலைக்கு அரசாங்கம் போடும் தடை வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வண்டி கிழக்கே போகும் என்று சைட்டில் சொல்லியிருந்தோம். ஜியாலஜிஸ்ட் ஷ்ருதிக்கு என்ன தோன்றியதோ, கேமராவைப் பின்னால் திருப்பி மேற்கே ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், கெட்டிக்காரி. பதினொன்று பத்துக்குப் படம் திரையில் விழுந்தது. சரளைக் கற்களுக்கு நடுவே பழுப்பாக, நீளவாக்கில் ஒன்று கிடந்தது.

எனக்குப் பார்த்ததுமே அண்ணன் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு நான் போட்டுக்கொடுத்த சாக்குத் தையலே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன். காலையில் இந்தக் கல்லை யாரும் பார்க்கவில்லையே என்று ஷ்ருதி கேட்டாள். வேறு கோணத்திலிருந்து மறைந்திருக்கும் என்றார் எங்கள் தலைவர் முரளிதரன் சார். கற்களுக்குத் தின்பண்டங்களின் பேர் வைப்பது அவர்கள் வழக்கம். இதற்கு போண்டா என்று வைத்தார்கள்.

பிறகு வெப்பக் கருவியை அதன்மேல் காட்டினார்கள். சுற்றியிருந்த மண் ஐம்பத்தெட்டு டிகிரி, போண்டா முப்பத்துமூன்று. அறையில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். உள்ளே ஈரம் இருக்கிறது என்றார் முரளிதரன் சார். கேமராவை அதன்மேலிருந்து எடுக்கவே கூடாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம் பாருங்கள், ஒரு மணிக்குத் துளை போடலாம் என்று சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமரா திரும்பும்வரை அண்ணன் எழுந்திருக்கமாட்டார். அவர் அங்கே கிடக்கும்வரை இவர்கள் கேமராவைத் திருப்பமாட்டார்கள்.

வெளியே போய் சைட் சூப்பர்வைசருக்கு போன் அடித்தேன். சாப்பாடு எடுக்கப் போயிருப்பான், சிக்னல் இல்லாத ரோடு. கூட்டுகிறவர்கள் போனை கேபினில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மறுபடி அடித்தேன். மறுபடியும் அடித்தேன்.

திரும்பி வந்தபோது போண்டா முப்பத்தெட்டு. அடுத்த முறை முப்பத்துநான்குக்கு இறங்கியது. எல்லாரும் திகைத்தார்கள். நான் மட்டும் மூச்சுவிட்டேன். இடுப்பு பாட்டிலிலிருந்து சாக்கில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். ஆள் நன்றாக இருக்கிறார். சாக்குக்கு உள்ளிருந்தே ஊற்றினால் வெளியே தெரியாது, அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும், அவ்வளவுதான். வித்தையைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டிருப்பார்கள், எனக்கும் போயிருக்கும். துளை போடுவதற்கு முன் எப்படியும் சொல்லிவிடலாம், அதற்குள் இவர்களுக்குச் சலித்துக் கேமராவைத் திருப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு வேறு பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு நாற்பத்தொன்று. பிறகு முப்பத்தேழு. பன்னிரண்டு இருபதுக்கு நாற்பத்துநான்கு. இறங்கும் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. ஈரம் முழுக்க வெளியேறிவிட்டது போல என்று ஷ்ருதி வருத்தப்பட்டாள். பாட்டில் காலி. நான் பார்ப்பது எல்லாம் பதினான்கு நிமிடத்துக்கு முந்தியது என்பதும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்த படத்தில் இரண்டு பாறைகள் இருந்தன.

இரண்டாவது, முதலாவதுக்கு முப்பதடி பின்னால். முரளிதரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். அண்ணனைத் தேடி ஐயப்பன் வந்திருக்கிறான். கேமரா தன் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவனும் விழுந்து மூடிக்கொண்டிருக்கிறான். காப்பாற்ற வந்தவனும் அசையாமல் கிடக்கிறான், நான் சொல்லிக்கொடுத்தபடியே.

"சார், அது கல்லு இல்ல," என்றேன். "ஆளு. ரெண்டும் ஆளு."

அவர் பதில் சொல்வதற்குள் தாமதப் பெட்டியை நிறுத்திவிட்டேன். திரையில் பதினான்கு நிமிடம் ஒரே தாவாகத் தாவியது. இரண்டு பேரும் அதே இடத்தில் கிடந்தார்கள். கழுத்துக் கேமராவைக் கிழக்கே திருப்பினேன், யாரையும் கேட்கவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பின்வழி பார்க்கச் சின்னக் கேமரா ஒன்று உண்டு. அதன் படம் ஆராய்ச்சிக்கு வராது என்பதால் கூட்டுகிறவர்கள் யாரும் அதைச் சட்டைசெய்வதில்லை. அதைத் திரைக்குக் கொண்டுவந்தேன்.

பின்னால் கிடந்த பாறை எழுந்தது. சாக்கை உதறிவிட்டு ஓடியது. ஐயப்பன் அண்ணனின் சாக்கை இழுத்து எறிந்து, தோளைப் பிடித்துப் புரட்டினான். கை ஒரு பக்கம் தொங்கி மண்ணில் விழுந்தது. தன் பாட்டிலைத் திறந்து முகத்தில் ஊற்றினான். சட்டையைக் கிழித்தான். கன்னத்தில் தட்டினான். நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தான்.

முரளிதரன் சார் போனில் ஆம்புலன்ஸுக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் வந்து சேர நாற்பது நிமிடமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஐயப்பன் எழுந்து வண்டியிடம் ஓடிவந்தான். கேமராவைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்குகிறவன், கழுத்து திரும்பியிருந்த பக்கமாகச் சுற்றிப் போய் அதற்கு நேராக நின்றான். பக்கத்துத் திரையில் அவன் முகம் தெரிந்தது. இரண்டு கையையும் ஆட்டினான். வாய் அகலத் திறந்து மூடியது. வண்டியில் மைக் கிடையாது. அவன் சொன்னது ஒரு வார்த்தைகூட எங்களுக்குக் கேட்கவில்லை.

"உனக்கு எப்போ தெரியும், பெபின்?" என்று முரளிதரன் சார் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

இப்போதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். திரையின் ஓரத்தில் வெப்பக் கணக்கு நேரத்தோடு வரிசையாக இருந்தது.

"முதல் படத்துலயே சார்," என்றேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஷ்ருதி எழுந்தாள். தன் பையை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.