பீரங்கி ஐயாவின் கடைசிப் பத்தி

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி பாப்பா. சோப்பு காதுக்குள்ள போகுது" என்றார் முடிதிருத்துகிறவர்.

செத்தவர் காதில் சோப்பு போனால் என்ன, போகாவிட்டால் என்ன? ஆனாலும் அவள் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். இடது காதுக்கு மேலே பன்னிரண்டு தையல். மறைப்பதற்காக அவள் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஏதோ ஊறிக் கறையாகியிருந்தது. நாற்பத்தாறு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட இனி இந்த மனிதர் ஒருவர்தான் மிச்சம்.

"அண்ணே, இன்னைக்கு நீங்க வந்திருக்கவே கூடாது. வெளியில இருக்கறவங்க பார்த்தா தொலைஞ்சோம்."

"சனிக்கிழமைதானே இன்னைக்கு? பத்தொன்பது வருஷமா சனிக்கிழமைன்னா நான்தான். பின்பக்கமாத்தான் வந்தேன், செருப்பைக்கூட வெளியில கழட்டி விடல. ஒரு வாரத் தாடியோட அனுப்பினா ஐயா போற இடத்துலயும் என்னைத்தான் திட்டுவார்."

வாசல் பக்கம் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஊர்வலம். சவ வண்டி பூமாலைகளோடு தயாராக நின்றது. இரங்கல் பேச என்று மேடை போட்டு மைக் வைத்திருந்தார்கள். ஆனால் இரங்க வந்தவன் எவனும் கையில் தடியோடு வருவதில்லை. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் தடி இருந்தது. காலையிலேயே அக்கரைத் தெருவில் ஒரு சாயப்பட்டறையைக் கொளுத்திவிட்டார்கள். அந்தப் புகை வீடு வரைக்கும் வந்து எல்லார் துணியிலும் நாறியது.

தூரத்து எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிரி நாடு. ஒரு தலைமுறைக்கு முன்னால் அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் இருக்கும் தெரு, அக்கரைத் தெரு. முடிதிருத்துகிறவரும் அந்தத் தெருதான். சனிக்கிழமை தவறாமல் அப்பாவின் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டே அவரோடு அரசியல் சண்டை போடுவார். "என் கழுத்துல எதிரி நாட்டுக் கத்தி! நம்ம ராணுவ மந்திரிக்கு இந்தத் தைரியம் உண்டா?" என்று அப்பா அசையாமல் சிரிப்பார். வெட்டுப் பட்டுவிடுமே என்று சிரிப்பைக்கூட உதட்டோடு நிறுத்திக்கொள்வார்.

அப்பாவை ஊரே பீரங்கி ஐயா என்றது. முப்பத்தோரு வருஷம், வெள்ளிக்கிழமைதோறும் நாளிதழில் 'எல்லையிலிருந்து' என்று ஒரு பத்தி. வலிமை இல்லாதவன் பேசும் சமாதானம் பிச்சை என்பார். இளைஞன் ஒவ்வொருவனும் இரண்டு வருஷம் படையில் இருந்தே தீர வேண்டும் என்பார். ராணுவச் செலவைக் குறைக்கச் சொன்னவர்களை எழுத்தாலேயே தோலுரித்துவிடுவார். பிடிக்காதவர்கள்கூடத் தேடிப் படித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு நடை அப்படி. எல்லைப் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது வேறு விஷயம். போனது அவர் மகன்.

மகன் இப்போது பக்கத்து அறையில் இருந்தான். வெளியே தாழ்ப்பாள். போட்டது அவள்.

அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த பதினைந்து வருஷமாக அவள்தான் அவருக்குக் கை. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்வார். அவள் சுருக்கெழுத்தில் எடுத்து, அப்புறம் தட்டச்சு செய்து அனுப்புவாள். அனுப்பும் முன் ஒரு வேலை பார்ப்பாள். அவர் பெயர் சொல்லி "கோழை மந்திரி" என்றிருந்தால் அது "மந்திரி ஒருவர்" ஆகும். "திருட்டுப் பயல் தளபதி" என்றால் "தளபதி ஒருவர்." வழக்கு வந்தால் யார் நீதிமன்றம் ஏறி இறங்குவது? வெள்ளிக்கிழமை காலை பேப்பரைப் பிரித்ததும், "ஏ கத்திரி! என் பீரங்கியில தண்ணி ஊத்திட்டியே!" என்று வீடு அதிரக் கத்துவார். கத்தி முடித்துச் சிரிப்பார். நறுக்கியதெல்லாம் அவள் நோட்டில் அப்படியே கிடக்கும், அவளைத் தவிர யாராலும் படிக்க முடியாத கோடுகளாக.

முந்தாநாள் வியாழக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது. போர்நிறுத்தம் வந்து ஒரு வருஷம் ஆனதைப் பற்றிய பத்தி. "மூன்று நாள் பொறுத்திருந்தால் அந்தக் குன்று நமது. மூன்றே நாள்" என்று அப்பா சொன்னார். தம்பி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூணு நாள்னா எத்தனை பேருப்பா?" என்றான்.

"குறுக்க பேசாதடா. நீ எழுதிக்கோம்மா, மூன்றே நாள்..."

"எங்க குழுவுல என்னை விட்டுட்டு பதினொரு பேரு. குன்று மேல ஏறச் சொன்னாங்க. மறுநாள் போர்நிறுத்தம்னு உத்தரவு போட்டவனுக்குத் தெரியும். தெரிஞ்சே ஏத்துனாங்க. நான் மட்டும் கீழ வந்தேன். எப்படி வந்தேன்னு கேக்க மாட்டியா?"

"அதெல்லாம் ஒரு நாடு குடுக்கற விலைடா."

மேஜையில் பேனாக்களைப் போட்டு வைக்க ஒரு பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூடு இருந்தது. பத்திக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்தபோது வாசகர் வட்டம் கொடுத்தது. தம்பி அதை எடுத்தான். பேனாக்கள் சிதறி விழுந்த சத்தம்தான் அவளுக்கு முதலில் கேட்டது. இரண்டு தடவை அடித்தான். மூன்றாவதுக்கு ஓங்கியபோது அவள் அவன் கையில் தொங்கினாள். சுவரிலும் நோட்டிலும் அவள் முகத்திலும் ரத்தம். வாயில் உப்புக் கரித்தது. அடித்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்து, காயத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். படையில் சொல்லிக் கொடுத்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "யாரோ உள்ள வந்து அடிச்சுட்டு ஓடிட்டாங்க."

அம்மா போனபோது தம்பிக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தது எல்லாம் அவள்தான். போருக்குப் போனவனை ஒரு தடவை திரும்ப வாங்கிவிட்டாள். இன்னொரு தடவை கொடுக்க அவளால் ஆகாது. போலீசுக்குப் போகிறேன் என்று கிளம்பியவனை உள்ளே தள்ளிப் பூட்டி, "வாயைத் தொறந்தே, நான் செத்துருவேன்" என்று சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவு வந்தது. "நோட்டு எங்கே? பத்தி அனுப்பணும்" என்றார். முக்கால் மணி நேரம் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் எடுத்தாள். தட்டச்சு செய்யும்போது, பதினைந்து வருஷப் பழக்கம், "என்னை அடித்தவன் என் மகன்" என்பதை "என்னை அடித்தவர் ஒருவர்" என்று ஆக்கினாள். மகனைப் பற்றி வந்த மற்ற வரிகளையும், கடைசியில் வந்த திட்டுகளையும் நறுக்கினாள். நறுக்கியதும் பத்தி பாதியாகிவிட்டது. நாளிதழில் அந்த 'ஒருவர்' யார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மறுநாள் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: 'பீரங்கி ஐயாவைத் தாக்கியது அக்கரையின் கை.' அன்று இரவே அப்பா போய்விட்டார்.

"பாப்பா, இந்தக் கன்னம் முடிஞ்சது. அந்தப் பக்கம் திருப்பு" என்றார் முடிதிருத்துகிறவர்.

அவள் திருப்பினாள். அப்போது ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. "டேய்! உள்ளே அக்கரைக்காரன்டா! கத்தியை வச்சுட்டு நிக்கறான்!"

கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தது. கதவு ஒரே உதையில் திறந்துகொண்டது. நாலைந்து பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அவர் சட்டையைப் பிடித்தாள். தையல் விட்டு, கிழிந்த துணி மட்டும் அவள் கையில் நின்றது. "அவர் ஷேவ் பண்ண வந்தவர்யா! வேலை செய்ய வந்தவர்யா!" என்று கத்தினாள். எவன் காதில் விழுந்தது? வாசற்படியில் அவர் தலை ஒவ்வொரு படியாக மோதிக்கொண்டு போனது. "பாப்பா, கத்தியைப் பத்திரமா எடுத்து வை, காலில குத்திடும்" என்றார். அதற்கப்புறம் அவர் பேசியது கேட்கவில்லை. தடிகள் ஏறி இறங்கும் சத்தம்தான் கேட்டது.

மேடையில் வாசகர் வட்டத் தலைவர் நின்றிருந்தார். இரும்புக் கடை வைத்திருக்கிறவர். "தங்கச்சி, நீங்க உள்ள போங்க. இது நாட்டு விஷயம்" என்றார். கூட்டத்தில் ஒருவன், "இவனோட சேர்த்து தெருவையே முடிச்சுட்டுத்தான் இன்னைக்கு ஊர்வலம்!" என்றான். சரி சரி என்று நூறு குரல்.

அவள் உள்ளே ஓடினாள். தலைவர், அழப் போகிறாள் என்று நினைத்திருப்பார். திரும்பி வந்தவள் கையில் நோட்டு இருந்தது. மைக்கை அவரிடமிருந்து பிடுங்கினாள்.

"அப்பா சொன்ன கடைசிப் பத்தி. பேப்பர்ல வந்தது நான் வெட்டினது. இது முழுசு."

ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரித்தாள். உரக்கப் படித்தாள்.

"நான் எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. நாட்டுக்கு எல்லை வேண்டும். எல்லைக்குப் படை வேண்டும். படைக்குத் தோட்டா வேண்டும்."

தடிகள் நின்றன. அது அவர் நடைதான், சந்தேகமே இல்லை. ஒருவன் கைகூடத் தட்டினான்.

"மூன்று நாள் என்று சொன்னேன். மூன்று நாள் என்றால் பதினொரு பேர் என்று என் மகன் சொன்னான். முப்பத்தோரு வருஷத்தில் இந்தக் கணக்கை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமல் எழுதியது என் குற்றம். என்னை அடித்தவன் என் மகன். சட்டம் அவனை விசாரிக்கட்டும், நான் மன்னித்துவிட்டேன். படை என்றால் அதற்குச் சீருடை உண்டு, உத்தரவு உண்டு, தப்புச் செய்தால் தண்டனை உண்டு. இது எதுவும் இல்லாமல் என் பெயரைச் சொல்லித் தெருவில் எவனாவது கை ஓங்கினால், அவன் என் வாசகன் இல்லை. பொறுக்கி."

கை தட்டியவன் கையைக் கீழே இறக்கினான்.

"பொய்!" என்றார் தலைவர். "எங்க, காட்டுங்க பார்ப்போம்." நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்கய்யா இது? கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. இதுல மகன்னு எங்க எழுதியிருக்கு? அக்கரைக்காரனுங்க காசு குடுத்து இந்தப் பொம்பளையைப் பேச வச்சுட்டானுங்க!"

கூட்டம் மறுபடி முனகத் தொடங்கியது. கீழே கிடந்தவரின் விலாவில் எவனோ ஒருவன் இன்னொரு உதை விட்டான்.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குள் போனாள். பக்கத்து அறை முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். இதைத் திறந்தால் அவன் போய்விடுவான், இந்த வீட்டுக்குத் திரும்பி வர மாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தாழ்ப்பாளைத் திறந்தாள்.

தம்பி கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். சட்டைப் பொத்தானையெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தான்.

"இப்பவாவது தொறந்தியே" என்றான். போகிற போக்கில் அவள் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனான்.

வாசலில் போய் நின்றான். "அக்கா படிச்சது நிஜம். அடிச்சது நான்தான். அந்த மனுஷனை விடுங்க."

முதல் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவன் புருவம் பிளந்தது. தலைவர் பாய்ந்து வந்து கன்னத்தில் அறைந்தார். "துரோகி! அப்பனைக் கொன்னவனே!" அறைந்தவர் அழுதுகொண்டிருந்தார். பின்னாலேயே பத்துப் பேர் பாய்ந்தார்கள். அவன் கையைத் தூக்கவில்லை, முகத்தைக்கூட மறைக்கவில்லை. காலையிலிருந்து தெருமுனையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த போலீசுக்கு இப்போதுதான் கால் வந்தது. விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்து, அவனைப் பிய்த்தெடுத்து வேனில் ஏற்றினார்கள். வேன் போனதும் கூட்டத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒவ்வொருவனாகத் தடியைச் சாக்கடையில் போட்டான். அக்கரைத் தெருப் பக்கம் யாரும் போகவில்லை.

முடிதிருத்துகிறவர் வாசற்கதவுக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்தார். மூச்சு வாங்கும்போது உள்ளே ஏதோ கொதிப்பது மாதிரி சத்தம் வந்தது.

"வண்டியைத் தொறங்க!" என்றாள் அவள், சவ வண்டி ஓட்டுநரிடம்.

"மேடம், இது பொணத்துக்கான வண்டி. உயிரோட இருக்கறவங்களை ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு."

"தொறய்யா! இல்லேன்னா நானே ஓட்டுவேன்!"

மாலைகளை இழுத்துக் கீழே எறிந்தாள். ஓட்டுநரும் அவளுமாக அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். வண்டி ஒலியெழுப்பிக்கொண்டே போனது.

நாலு மணி ஆயிற்று. யாரும் இல்லை. அவள் அப்பாவின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடித் துண்டுகளைக் கையால் ஒதுக்கினாள். சோப்பு நுரை கன்னத்தில் காய்ந்து தோலை இழுத்துப் பிடித்திருந்தது. தண்ணீர் தொட்டு அதை நனைத்தாள். கத்தி பிடித்து அவளுக்குப் பழக்கமில்லை. முதல் இழுப்பிலேயே தாடைக்குக் கீழே வெட்டுப் பட்டுவிட்டது. "அய்யோ" என்று பதறித் துணியை எடுத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தபோது துணி வெள்ளையாகவே இருந்தது. தொடர்ந்து மழித்தாள்.

வண்டி திரும்பி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி எதையோ கழுவுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர் கதவோரம் வந்து நின்றார். கையில் ஒற்றைச் செருப்பு, பழைய தோல் செருப்பு, குதிகால் தேய்ந்தது.

"ஆஸ்பத்திரி வாசல்லயே அவருக்கு மூச்சு நின்னுருச்சு. இது வண்டியில விட்டுப் போச்சு" என்றார். "இதை யார்கிட்ட குடுக்கறது மேடம்?"

அவள் நிமிரவில்லை.

"அங்க வைங்க. இந்தக் கன்னம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. முடிச்சுட்டு நானே அவங்க வீட்டுக்குக் கொண்டு போறேன்."

ஓட்டுநர் செருப்பை வாசற்படியில் வைத்தார். கவிழ்ந்து விழுந்ததை, குனிந்து நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.