சட்டைப்பை மிட்டாய்

விடிந்ததும் சிமெண்ட் லாரி வந்துவிட்டது. லோடு இறங்காமல் யாரும் சோற்றுத் தூக்கைத் திறக்க மாட்டார்கள். அந்தக் கிடங்கில் அதுதான் வழக்கம். வீட்டில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்த மாப்பிள்ளை, வெறும் வயிற்றோடு மூட்டைக்கு முதுகு கொடுத்தான். கூட மூட்டை தூக்கும் கட்டையனின் தங்கையைக் கட்டியவன் என்பதால் கிடங்குக்கே அவன் மாப்பிள்ளை.

சட்டைகள் ஆணியில் தொங்கின. பீடிக்காக மாப்பிள்ளையின் சட்டையில் கைவிட்ட கட்டையனுக்கு ஒரு பிடி மிட்டாய் அகப்பட்டது.

"சக்கரை வியாதிக்காரன் திங்கிற சாமானா இது? எங்கப்பனுக்குக் காலை வெட்டுனது மறந்துபோச்சா மாப்ளே?"

"மச்சான், அது டாக்டரு..."

"டாக்டரு மேல பழியப் போடாத. மூட்டையப் பிடி." மிட்டாயைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பாதி லோடு இறங்கியிருக்கும். மாப்பிள்ளை மூட்டையைக் கொண்டுபோய் வேறு சரக்கின் அடுக்கில் போட்டான். திரும்பும்போது கால் பின்னியது. வியர்வை எல்லோருக்கும்தான் கொட்டியது. ஆனால் அவன் உடம்பு சில்லிட்டிருந்தது.

"என்ன மாப்ளே, காலையிலேயே ஏத்திட்டியா?" என்றான் லாரி டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். யாரையும் மரியாதை குறைத்துப் பேசாத மாப்பிள்ளை கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"கை நடுங்குது மச்சான். அந்த மிட்டாயக் குடு." நாக்கு குழறியது.

"பச்சப்புள்ள மாதிரி அடம்பிடிக்கிற பாரு. எந்தங்கச்சிக்கு நீ முழுசா வேணும். போயித் தண்ணியக் குடி."

தண்ணீர்த் தொட்டிவரை போனான். குனிந்தவன் அப்படியே சரிந்தான்.

"வெயில் மயக்கம், தெளிஞ்சிடும்" என்று நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, மிச்ச லோடை இறக்கினார்கள். அப்புறம் போய்ப் பார்த்தால் உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது. அதே லாரியில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு ஓடினாள். நரம்பில் சர்க்கரை ஏற்றினார்கள். டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது.

"ரொம்ப நேரம் சக்கரை இறங்கியே கிடந்திருக்கு, உசுரு நிக்கல. நெனப்பு இருக்கும்போதே வாயில கொஞ்சம் இனிப்பு போட்டிருக்கலாமேப்பா."

தங்கை வந்தாள். அழுவதற்கு முன்னால் கேட்டாள்.

"மிட்டாய் இருந்துச்சேண்ணே! நாந்தான சட்டையில வச்சு அனுப்புனேன். எடுத்துத் திங்கணும்னு அவருக்குத் தோணலியா?"

கட்டையனின் கை பைக்குள் இருந்தது. உடம்புச் சூட்டில் இளகிய மிட்டாய் விரலில் ஒட்டியது.

"கேட்டாம்மா," என்றான். "எங்கிட்டதான் கேட்டான்."