ஹுன்பிஷ், வகை: மற்றவை

ஹார்-ஊத் எல்லைச் சாவடி வழியாக ஹுன்பிஷ் முதல் தடவை தெற்கே போனபோது, கம்பளி மூட்டைகளுக்கும் குதிரைத் தோல் கட்டுகளுக்கும் நடுவில் வைத்து, ‘மற்றவை’ என்ற வகையில் பதிந்து அனுப்பினார்கள். அந்த வாரம் கம்பளி விலை சற்று இறங்கியிருந்தது. சாவடியில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் அவன் அம்மாவுக்குத் தங்கவில்லை. இந்த மாதிரி வீடுகளில் வழக்கமாகச் செய்வதைத்தான் லாமா செய்தார். பிள்ளை பிடிக்க வரும் துஷ்ட ஆவிகள் ஏமாந்து திரும்பட்டும் என்று ‘ஹுன்பிஷ்’ என்று பெயர் வைத்தார். ‘மனிதன் இல்லை’ என்று அர்த்தம். ‘இவனில்லை’ என்றும் ‘பெயரில்லை’ என்றும் பெயர் வைத்துக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவர்கள் வரி கட்டுகிறார்கள், பல்வலிக்கு மருந்து வாங்குகிறார்கள், நேரம் வந்தால் செத்தும் போகிறார்கள். ஹுன்பிஷ் விஷயத்தில்தான் பெயர் பிடித்துக்கொண்டது. அம்மை வந்தபோது ஊரிலிருந்த எல்லாப் பிள்ளைகளையும் விசாரித்துவிட்டு, அவன் படுக்கையைச் சுற்றிக்கொண்டு போனது. ஓநாய் வந்தால் பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தூக்கும். பள்ளியில் ஆசிரியர் அவன் பெயரை வாசிப்பார், அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டுவார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பட்டாளத்தில் வரிசையை எண்ணும்போதெல்லாம் ஓர் ஆள் குறைந்தது. அதற்குத் தண்டனையாக எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள், அவனையும் சேர்த்து.

நாய்கள் அவனைப் பார்த்துக் குரைப்பதில்லை. எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் தூரத்திலேயே நின்று “நாயைப் பிடிங்க!” என்று குரல் கொடுப்பது எங்கள் மரியாதை, நாயே இல்லாத வீடானாலும். ஹுன்பிஷ் குரல் கொடுக்காமல் வாசல் வரைக்கும் போவான். ஹோர்லோ அவனைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். அவள் வீட்டு நாய் காற்றையும் நிழலையும்கூட விடாமல் குரைக்கிற ரகம். ஒருநாள் அது சட்டென்று வாயை மூடிக்கொள்ள, எதைப் பார்த்து இது குரைக்கவில்லை என்று அவள் வெளியே வந்தாள். “ஒரு மனுஷன் நிக்கிறான், நீ என்னடா தூங்கி வழியிற?” என்று நாயைத் திட்டினாள். தன்னை ஒருவர் அப்படிச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த கோடையில் கல்யாணம் ஆயிற்று. அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “மனுஷா, டீ ஆறுது பார்.” “மனுஷா, சாணிக்கூடைய எங்க வெச்ச?” ஊரில் வேறு யாருக்கும் அவனைப் பார்த்து அந்தச் சொல் வாயில் வராது. வேண்டுமென்று இல்லை, நாக்கு அந்த இடத்தில் வழுக்கிவிடும்.

பல வருடங்கள் போயின. பிள்ளைகள் இல்லை. ஆடுகள் கூடின, ஒரு கொடும் பனிக்காலத்தில் குறைந்தன, மறுபடி கூடின. பிறகு ஹோர்லோவுக்குச் சிறுநீரகம் கெட்டது. எங்கள் ஊரில் பெரிய வியாதி வந்தால் யாரும் தலைநகரம் போவதில்லை. எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கத்து ரயில் பிடித்து, பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எல்லையை நடந்து தாண்டக் கூடாது, வண்டியில்தான் போகவேண்டும் என்பது சட்டம். அதனால் எங்களூரில் பழைய ரஷ்ய ஜீப் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கர்வமாகவே நடப்பார்கள். அவர்களில் செவெல் என்ற பெண்மணியின் ஜீப்புக்குக் கதவு கயிற்றில் நின்றது. ஆனால் அவளுக்கு வாய் பெரிது, அந்தப் பக்கத்துக் காவலர்கள் அவளிடம் அதிகம் பேசாமல் விட்டுவிடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அவள் வண்டியில் ஏறினார்கள்.

சாவடியில் அப்போதுதான் புது இயந்திரம் வந்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கி, ஒவ்வொருவராக அதன் முன்னால் நிற்கவேண்டும். முகம் பார்த்துவிட்டு அது கண்ணாடிக் கதவைத் திறக்கும். அந்தப் பக்கம் போய் மறுபடி வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஹோர்லோவுக்குத் திறந்தது. ஹுன்பிஷ் போய் நின்றான். “மனித முகம் இல்லை,” என்றது இயந்திரம், பெண் குரலில், ரொம்ப மரியாதையாக. தொப்பியைக் கழற்றினான். சிரித்துப் பார்த்தான். “மனித முகம் இல்லை.” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஹோர்லோ அதைத் திட்டினாள். “கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? குத்துக்கல்லாட்டம் என் மனுஷன் நிக்கிறான், தெரியலியா?” இயந்திரத்துக்கு வசவு புரியவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஒருமுறை தாண்டியவர்கள் அதே நாளில் திரும்பக் கூடாது. செவெல் ஹாரனை அடித்தாள். ஹோர்லோ போகவேண்டியதாயிற்று. வண்டி திரும்பும் வரைக்கும் பின்கண்ணாடி வழியாக அவள் கையால் சாப்பிடுகிற மாதிரி காட்டிக்கொண்டே போனாள். கொழுக்கட்டை சட்டியில் இருக்கிறது, சாப்பிடு என்று அர்த்தம்.

அவன் பெயரை மாற்றிக்கொள்ளப் பார்த்தான். புது லாமா வேண்டாம் என்றார். பெயரை எடுத்தால், இத்தனை வருடம் அவனைக் கண்டுகொள்ளாமல் போன அத்தனையும் வரிசையாகத் திரும்பி வரும் என்றார். வரட்டும், வந்தாலாவது பார்க்குமே என்றான் ஹுன்பிஷ். ஆனால் பெயர் மாற்றும் அலுவலகத்தில் விண்ணப்பத்தின் முதல் கேள்வியே, ‘விண்ணப்பிக்கும் மனிதரின் பெயர்’. எழுத்தர் பதிலைப் படித்தார், இருமுறை யோசித்தார், அப்படியானால் விண்ணப்பிக்க ஆளில்லை என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை. எழுதியிருந்ததைத்தான் படித்தார்.

வழி சொன்னது சரக்குப் பகுதியில் இருந்த லுவ்சான். இளகின மனது, ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவன்.

“அண்ணே, ஆளா அனுப்ப வழியில்ல. சரக்கா அனுப்பலாம்.”

“என்ன சரக்குன்னு எழுதுவ?” என்று கேட்டாள் செவெல். “ஆடுன்னா கோமாரி இல்லைன்னு சான்று கேப்பான். பழைய இரும்புன்னா எடைக்குப் போட்டுருவான்.”

“மற்றவைன்னு ஒண்ணு இருக்குக்கா. இதுவரைக்கும் யாரும் அதத் தொட்டதில்ல.”

“தொடாம வெச்சிருந்தியா? இவனுக்காகவே பொறந்த மாதிரி இருக்கே!”

தராசில் ஏற்றினார்கள். தராசு வஞ்சகம் இல்லாமல் ஓர் ஆளின் எடையைக் காட்டியது. அனுப்புநர் செவெல். பெறுநர் என்ற இடத்தில் ஹோர்லோ என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு வேறு யாரைத் தெரியும்?

தவறு அங்கேதான் நேர்ந்தது, ஆனால் அது தவறு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்துக் கிடங்கில் இறக்கிய பிறகு, சரக்கைப் பெறுநர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கவேண்டும். பெறுநர் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், கையில் ஊசி குத்தி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கையெழுத்துப் போட்ட கடிதம் அனுப்பினாள், செல்லாது என்றார்கள். கிடங்குக்காரர் ஃபெங் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தன் கிடங்குச் சரக்கைத் தானே எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு என்றார்கள். யாரும் எடுக்காத சரக்கு குறித்த நாள் கழிந்ததும் அனுப்பியவருக்கே திரும்பும். ஹுன்பிஷ் திரும்பினான். செவெல் மறுபடி அனுப்பினாள். பெறுநர் பெயரை இனி மாற்ற முடியாது என்று லுவ்சான் சொன்னான். ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றதாக ஆகிவிடுமாம். குளிர்காலம் முழுக்க அவன் கம்பளியோடு தெற்கே போனான், உருளைக்கிழங்கோடு வடக்கே வந்தான்.

ஃபெங் நல்ல மனுஷர். எங்கள் பாஷையைச் சந்தையில் பொறுக்கிக் கற்றவர். ஹுன்பிஷை அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தார். தன் தொலைபேசியையும் கொடுப்பார்.

“மனுஷா, சாப்ட்டியா?” என்பாள் ஹோர்லோ.

“சரக்குக்குச் சாப்பாடு கெடையாதாம். ஃபெங் குடுக்கிறாரு. கணக்குல அது கெட்டுப்போகாம இருக்கப் போடுற மருந்து.”

அவள் சிரிப்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். “நான் வந்து எடுக்கிறேன் ஒன்ன. வேற எவளும் கையெழுத்துப் போட்டுறப் போறா, சாக்கிரதை.”

“எவளும் பாக்கக்கூட இல்ல.”

“நாயி கொலைக்கலியா?”

“இங்கயும் கொலைக்கல.”

ஃபெங்குக்கு இன்னொரு யோசனை வந்தது. கேட்பாரற்ற சரக்கை ஏலத்தில் விடலாம். நகரத்து வியாபாரி யாராவது எடுத்தால், அங்கே போய் இறங்கியதும் ஹுன்பிஷ் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஏலத்தில் நசுங்கின நாற்காலிகள் போயின, காலாவதியான சோப்புகூடப் போயிற்று. ஒரே ஒரு வியாபாரி ஹுன்பிஷைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, தோளைத் தட்டி, “இது என்ன செய்யும்?” என்று கேட்டார். ஃபெங்குக்குப் பொய் சொல்ல வராது. “பெண்டாட்டி பாக்கணும் சொல்லும். அழும்,” என்றார். வியாபாரி சோப்பு வாங்கிக்கொண்டு போனார்.

வசந்தத்தின் முதல் புழுதிக்காற்று அடித்த நாளில் ஹோர்லோ ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, நர்ஸ் திரும்பி நின்ற நேரத்தில் இறங்கி நடந்தாள். “கெடங்குல என் மனுஷன் கெடக்கான், கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வரணும்,” என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ரயில் நிலையம் வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். சீட்டு எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். ரயில் வந்தது, எல்லோரும் ஏறினார்கள், அவள் எழுந்திருக்கவில்லை.

போனவர்களின் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை. இனி இந்தக் கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது.

அவளை ஊருக்கு அனுப்பினார்கள். பிரேதம் ஆள் அல்ல, அதனால் முகம் பார்க்கும் இயந்திரத்தின் பக்கம் கொண்டுபோகவில்லை. சரக்குப் பக்கமாக, ஃபெங்கின் கிடங்குக்கு, ‘மற்றவை’ என்ற வகையில் வந்து சேர்ந்தாள். ஹுன்பிஷ் அப்போது அங்கேதான் தட்டில் இருந்தான். ஃபெங் பெட்டியை அவன் பக்கத்தில், அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே வகையில் பதிவானது அன்றைக்குத்தான்.

ஆனால் பெட்டிக்கும் பெறுநர் வேண்டும். பெறுநர் ஹுன்பிஷ். சரக்கைச் சரக்கு பெற்றுக்கொள்ள முடியாது. இரண்டு பக்கமும் தொலைபேசிகள் அடித்தன. எங்கள் பக்கத்தில் சட்டம் தெரிந்தவன் லுவ்சான் ஒருவன்தான். அவன் சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். பிறகு, அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான்.

“ரெண்டு உருப்படின்னு ஏன் எழுதுறீங்க? செருப்பு வந்தா ரெண்டுன்னா எழுதுறோம்? ஜோடின்னு போடுங்க. ஜோடி ஒண்ணு, பிரிக்கக் கூடாது. கேட்பாரில்லை, அனுப்பினவருக்கே திரும்பும்.”

அப்படியே திரும்பி வந்தார்கள். செவெல் ஓட்டினாள். அவள் அன்றைக்கு வாயைத் திறக்காததைப் பார்த்து அந்தப் பக்கத்துக் காவலர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவனை ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லால் கூப்பிட்டுப் பார்த்தாள். “மனு...” வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு வழுக்கியது. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மேட்டுக்கு வடக்கே அவளைப் புதைத்தார்கள். பாலைத் தெளித்தார்கள், நீலத் துணி கட்டினார்கள். அவள் வீட்டு நாய் ஒரு வாரம் குரைக்கவில்லை, பிறகு ஆடுகளோடு யாரோ அதையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹுன்பிஷைப் பெற்றுக்கொள்ள இனி யாரும் இல்லை. அதனால் அவன் கணக்கு இன்னும் முடியவில்லை. சாவடிக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் இருக்கிறான். தரை கூட்டுகிறான், அடுப்புக்குச் சாணி போடுகிறான், லுவ்சான் கொண்டுவந்து வைக்கும் உப்பு டீயை ஆறவைத்துக் குடிக்கிறான். கண்ணாடிக் கதவுப் பக்கம் போவதில்லை. அந்தப் பக்கத்தில் அவனுக்கு இப்போது வேலை இல்லை.

ஒவ்வொரு வருடமும் இலையுதிர்காலத்தில் கொட்டகைச் சரக்கை எடைபோட்டுச் சரிபார்ப்பார்கள். ஹுன்பிஷும் வரிசையில் வந்து தராசில் ஏறுவான். தராசு இரண்டு ஆளின் எடையைக் காட்டும். மூன்றாம் வருடம் தலைநகரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், தராசு பழுது என்று சொல்லி, பெட்டியிலிருந்து எடைக்கற்களை எடுத்து வைத்துப் பார்த்தார். கற்களுக்குச் சரியாகக் காட்டியது. மாவு மூட்டைக்குச் சரியாகக் காட்டியது. தானே ஏறி நின்றார், வருத்தப்படும் அளவுக்குச் சரியாகக் காட்டியது. ஹுன்பிஷை மறுபடி ஏற்றினார். இரண்டு ஆள்.

“இது என்னய்யா இது?” என்றார் லுவ்சானிடம்.

“அது ஜோடி சார்,” என்றான் லுவ்சான்.

பொறியாளர் காகிதத்தைப் பார்த்தார். ஜோடி என்றுதான் இருந்தது. குறைவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.