சவப்பெட்டிக்கு வரைந்த முகம்

எங்கள் போஸ்னான் சீமைப் பிரபுக்கள் சாவதற்கு முன்பே முகத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். ஆறு மூலைத் தகரத்தில் வரைந்து, சவப்பெட்டியின் தலைமாட்டில் ஆணியடித்து, மாதா கோவிலில் கூடியிருப்பவர்களைப் பார்த்தபடி வைப்பது வழக்கம். மூன்று நாள் பிரசங்கம் நடக்கும். மூன்று நாளும் செத்தவர் நம்மை முறைத்துக்கொண்டிருப்பார். மருவோடும் தொங்கிய தாடையோடும் உள்ளது உள்ளபடி வரைவதுதான் முறை. கடவுளுக்கு முன்னால் பொய் முகம் எதற்கு?

அந்தப் பிப்ரவரியில் ஒனுஃப்ரி கர்பின்ஸ்கிக்குச் சளி நெஞ்சை அடைத்தது. பாதிரியார் சாவுக்கு முன் பூசும் கடைசி எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். மகன் கயெட்டான் போஸ்னான் நகரத்திலிருந்து ஓவியர் மெல்ஹியோரைக் கூட்டி வந்தான். அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஒரே பகலில் முடித்தார்: எழுபத்தாறு வயது, பல்லில்லாத வாய், நீர் கோத்த கண், மேலுதட்டில் நாலு மயிர். நான் பார்த்ததிலேயே நாணயமான வேலை அது.

கிழவர் தலையணையிலிருந்து எழும்பினார்.

“யாருய்யா இந்தப் பிச்சக்காரன்?”

“எசமான்தான்.”

“நானா? இதப் பாத்துக்கிட்டு அந்த டோபியாஷ் மொத பெஞ்சில மூணு நாள் உக்காந்திருப்பான்யா! சிரிப்பான்! மீசய வை. பல்ல வை. நெத்தியில ஒரு வெட்டுப் போடு, வியன்னாவுல துருக்கிக்காரன் வெட்டுனது.”

“எசமான் நெத்தியில ஒண்ணையும் காணோமே?”

“அதுக்குத்தான உன்னக் கூப்புட்டிருக்கு.”

நரகத்தைப் பற்றி அவருக்குப் பயமில்லை. பக்கத்துப் பண்ணை டோபியாஷ் சிரித்துவிடுவாரே என்பதுதான் பயம். எட்டு வருடம் முன்பு வியன்னாச் சண்டைக்குக் கிளம்பிய ஒனுஃப்ரி, வழியில் வயிற்றுப்போக்கு கண்டு ஒரு சத்திரத்திலேயே படுத்துவிட்டார். சண்டை முடிந்து திரும்பிய டோபியாஷ்தான் அவரைத் தன் வண்டியில் போட்டு ஊர் கொண்டுவந்து சேர்த்தார்.

மெல்ஹியோர் தகரத்திலிருந்த கிழவரைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடது நெற்றியில் செக்கச்சிவந்த வெட்டோடு ஒரு சிங்கத்தை வரைந்து கொடுத்தார். அதற்கப்புறம் ஒனுஃப்ரி யாரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். பிழைத்துக்கொண்டார்.

துக்கத்துக்குத் தைத்த கறுப்பு அங்கியை வீணாக்க மனமில்லாமல், அதையே மாட்டிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தார் டோபியாஷ். கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த படத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

“அண்ணே, எட்டு நாள் என் வண்டியில படுத்து வந்தீங்க. மூஞ்சில தண்ணி தெளிச்சதே நான்தான். இந்த வெட்ட எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

“ஆறிப்போச்சு.”

“அப்படியா! ஈஸ்டருக்குச் சுத்துவட்டாரம் பூரா கூட்டிட்டு வரேன். ஆறுன எடத்த ஆளுக்கொரு தடவ தடவிப் பாக்கட்டும்.”

கயெட்டான் சிரித்துவிட்டான். கிழவர் அதையும் பார்த்தார்.

“படத்த அழிச்சுரலாம்ப்பா” என்றான் மகன், டோபியாஷ் போன பிறகு.

“அழிச்சா? பொய்யின்னு நானே ஊரக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆயிரும்.”

ஒரு காலையில் கிழவர் சவரக் கத்தியோடு கண்ணாடி முன் உட்கார்ந்தார். படத்தைப் பக்கத்தில் நிறுத்தி, அதை ஒரு பார்வை, கண்ணாடியை ஒரு பார்வை என்று நிதானமாகக் கீறினார். முனகக்கூட இல்லை. வியன்னாவில் காட்டியிருக்க வேண்டிய தைரியம் அது. கண்ணாடியில் பார்த்தால் படத்தோடு அச்சாகப் பொருந்தியது. ரத்தம் வழியக் கூடத்துக்கு வந்து நின்றார்.

கயெட்டான் அவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

“அப்பா... அது அந்தப் பக்கம்ப்பா.”

நான்காம் நாள் காயம் சீழ் பிடித்தது. தலை பூசணிக்காயாக வீங்கியது. அந்த நிலையிலும் சரியான பக்கத்தைக் கீறக் கத்தி கேட்டார். கொடுக்கவில்லை. பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்திருந்ததால் வலது நெற்றியை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. இடது நெற்றி வெட்டோ கோவிலில் தகரத்தில் பளபளத்தது. பிரசங்கத்துக்கு வந்த துறவி சாமர்த்தியசாலி. துருக்கியர் நம் வீரரை இருபுறமும் வெட்டினர், ஒன்றை ஓவியன் கண்டான், மற்றதைத் தாழ்மையுள்ள அவர் சாகும்வரை மறைத்தார் என்று முழங்கினார். பெண்கள் தேம்பினார்கள்.

முதல் பெஞ்சில் டோபியாஷ் தொப்பியை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். தகரத்துச் சிங்கம் நேராக அவரையே முறைத்தது.

பக்கத்திலிருந்த கயெட்டான் அவர் தொடையைக் கிள்ளினான்.

“சித்தப்பா, நிறுத்துங்க. எனக்கும் அடக்க முடியல.”