தேங்காய் நிமிர்ந்த இடம்

நிலோஃபரிடம் ஒரு ராணுவக் கோப்பின் நான்கு பக்க நகல் இருந்தது. மண்ணில் புதைத்த கண்ணிவெடியை அமானுஷ்ய சக்தியால் கண்டுபிடிக்க முடியுமா என்று, தொண்ணூற்று நான்கில் வடக்கே ஒரு முகாமில் ரகசியமாகச் சோதித்திருக்கிறார்கள். அதில் ‘நீரோட்டம் பார்ப்பவர், புதுக்கோட்டை’ என்று மட்டும் இருந்த ஆளைத் தேடி எட்டு மாதம் அலைந்து, குடுமியான்மலையில் வெள்ளைச்சாமியைக் கண்டுபிடித்தாள். அவர் பெயர் போடச் சம்மதித்தால்தான் கட்டுரை வரும் என்று அவளுடைய வார இதழின் ஆசிரியர் சொல்லிவிட்டார்.

வெள்ளைச்சாமிக்கு இன்றும் அதுதான் பிழைப்பு. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து வெறுங்காலோடு நடப்பார். அது நிமிர்ந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள்.

முகாமில் இருந்த நாற்பது நாட்களைப் பற்றிக் கேட்டதும் அவர் முகத்தில் முப்பது வருடம் உதிர்ந்தது. மரங்களே தெரியாத காலைப் பனி. மொழிபெயர்க்க விட்டிருந்த பீட்டர் என்ற நாகர்கோவில் சிப்பாய். ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து இருவரும் ஊர்க்கதை பேசியது. தேங்காயோடு நடக்கும்போதெல்லாம், சட்னிக்கு எப்போது உடைப்பீர்கள் என்று பீட்டர் சீண்டுவானாம்.

“புதைச்ச ஒன்பதுல ஏழைச் சரியாக் காட்டினீங்கன்னு கோப்புல எழுதியிருக்கே, எப்படிங்கய்யா?” என்று கேட்டாள் நிலோஃபர்.



“தேங்காயை நிமித்துறது என் விரலு. நான் பாக்குறது மண்ணை. தண்ணி இருந்தா புத்து இருக்கும், எலை வாடாது. கிளறி மூடுன மண்ணு வேற நெறம். அவங்க மண்ணைப் பத்திக் கேக்கவே இல்ல. தேங்காயைத்தான் தெனம் எடை போட்டாங்க.”

நிலோஃபருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கடைசி வாரம் பீட்டரையும் பழக்கச் சொன்னார்கள். தேங்காய் பிடிக்க மட்டும் காட்டிக்கொடுத்தார். மண்ணைப் பார்க்கும் விஷயத்தைப் பெற்ற மகனைத் தவிர வேறு யாருக்கும் சொல்வதில்லை என்பது நீரோட்டம் பார்ப்பவர்கள் வழக்கம். அதை மீற அவருக்கு வாய் வரவில்லை. கண்ணிவெடி தேட பீட்டரைத் தேங்காயோடு எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

இது அச்சில் வந்தால் இனி யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள் என்று நிலோஃபர் எச்சரித்தாள். பெயரில்லாமல் வெளியிட ஆசிரியரிடம் இன்னொரு முறை பேசிப் பார்ப்பதாகவும் சொன்னாள்.

“பேரைப் போடுங்க தாயி,” என்றார் வெள்ளைச்சாமி. “ஊரையும் போடுங்க. பீட்டரு இருந்தா அவன் கண்ணுல படட்டும். இங்கிட்டு வர எந்த பஸ்ல ஏறணும்னு அப்பவே சொல்லியிருக்கேன்.”